சிவப்பு நூலில் தைத்த எழுத்து

பதினொரு வயதில் நான் பயந்த மாதிரி அதற்குப் பிறகு எதற்கும் பயந்ததில்லை. பிள்ளை பெறப் போனபோதுகூட இல்லை. அந்தப் பயம் மூன்று கிழமை நீடித்தது. அது நடந்த இடமோ, பிள்ளைகள் சந்தோசமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் மலையில் நடத்திய கோடை முகாம். காடு, அருவி, பாட்டு, பாணுக்கு நடுவில் சொக்லேட் என்று ஒரு குறையும் இல்லை. முகாமின் மொழி ஸ்பானியம். எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. எங்கள் வீடு சைவ வீடு. ஸ்பெயின் என்றால் மாட்டைக் குத்துகிற நாடு என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் சுவிஸில், வின்டர்தூரில் இருந்தோம். நாங்கள் என்றால் பெரியப்பா, பெரியம்மா, நான். என் சொந்த அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அப்பா சங்கக்கடை மனேச்சர். சண்டை பெரிதாகத் தொடங்கியபோது, பிள்ளையையாவது கொண்டுபோ என்று சொல்லித் தன் அண்ணனிடம் என்னைக் கொடுத்துவிட்டார். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. தாய் தகப்பன் இல்லாமல் வருகிற பிள்ளையை இந்த நாட்டில் பிடித்து அநாதை இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்று எங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான். அது மெய்யா பொய்யா என்று யாரிடமும் கேட்கத் துணிவில்லை. அதனால் தஞ்சம் கேட்டபோது பெரியப்பா என்னைத் தன் மகள் என்று பதிந்துவிட்டார். கடுதாசியில் நான் அவருடைய பிள்ளை. என் பெயரோடு ஒட்டியிருந்தது அவருடைய பெயர்.

அது பொய் இல்லை என்பது பெரியம்மாவின் கட்சி. தகப்பனின் தமையன் பிள்ளைக்குத் தகப்பன்தானே, இதில் என்ன பொய் என்று கேட்பார். பெரியப்பாவுக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றியதும் எனக்குப் பாடம் தொடங்குவார். அப்பாவின் பெயர் என்ன, அம்மாவின் பெயர் என்ன, உனக்கு எத்தனை சகோதரங்கள், ஊர் வீட்டில் எத்தனை அறை. எல்லாவற்றுக்கும் ஜெர்மன் மொழியில், முழு வசனமாக, தடக்குப்படாமல் பதில் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல் என்பார். பார்த்தால், இப்படி முழிக்காதே என்பார். பெரியவர்களை விசாரித்து முடித்துவிட்டார்கள், இனி என்னையும் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள், கடிதம் எந்த நாளும் வரலாம் என்பது அவருடைய கணக்கு.

"ஒரு சொல்லுப் பிழைச்சாலும் மூண்டு பேரும் பிளேனில ஏறவேணும். அங்க இறங்கினால் எனக்கு என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியும்தானே பிள்ளை."

எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அதைச் சொல்லும்போது அவருடைய கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய ஆளின் கை நடுங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வெளியிடங்களில் அவரை அப்பா என்று கூப்பிடுவேன். வீட்டுக்குள் எதையும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்துவிடுவேன். தேவை இருந்தால் கிட்டப் போய் நிற்பேன், அவரே திரும்பிப் பார்ப்பார்.

பெரியப்பா ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். அங்கே மேசை விரிப்புகள் தோய்த்து இஸ்திரிப் பெட்டியால் மினுக்குகிற வேலையில் ஒரு ஸ்பானியப் பெண் இருந்தார். கோடையில் மூன்று கிழமை உணவகத்தைப் பூட்டும்போது, தங்கள் நாட்டுப் பிள்ளைகளின் முகாமுக்குப் போய் உடுப்புத் தோய்த்துக் கொடுப்பது அவர் வழக்கம். பெரியப்பாவோ அந்த மூன்று கிழமைக்கும் வேறொரு சமையலறையில் கோப்பை கழுவ ஒப்புக்கொண்டிருந்தார். பெரியம்மா அலுவலகங்கள் துப்புரவாக்கப் போய்விடுவார். பள்ளி விடுமுறை. பிள்ளையைத் தனியே வீட்டில் விட்டால் கீழ்மாடிக் கிழவி யாரிடமாவது வத்தி வைப்பாள், ஆட்கள் விசாரிக்க வருவார்கள் என்று பெரியப்பாவுக்கு ஒரே யோசனை. என்னோடு அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தப் பெண் சொன்னது அவருக்குக் கடவுளே வந்து சொன்ன மாதிரி இருந்திருக்கிறது. வந்தது வேறு சமயத்துக் கடவுள் என்று பெரியம்மா மட்டும் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

முகாம் வேறு மாநிலத்தில். அங்கே போய்த் தங்குவதற்கு வெளிநாட்டவர் பொலிஸில் கடிதம் வாங்கி, அதை ஒரு துணிப்பையில் போட்டுப் பெரியப்பா என் கழுத்தில் மாட்டிவிட்டார். குளிக்கும்போதும் கழற்றாதே என்றார். முகாமிலிருந்து வந்த பட்டியலில், எல்லா உடுப்பிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும் என்று கீழே கோடிட்டு எழுதியிருந்தது. எல்லாப் பிள்ளைகளின் துணியும் ஒன்றாகத் தோய்க்கப்படுமாம். பெரியம்மா வேலைக்குப் போய் வந்த களைப்போடு இரண்டு நாள் இருந்து பெயர் தைத்தார். அவருடைய கைவேலை ஊரில் பேர் போனது. சிவப்பு நூல், சங்கிலித் தையல், ஒரு புள்ளி கோணாது. பெட்டியை அவரே அடுக்கிப் பூட்டித் தந்தார். நான் திறந்து பார்க்கவில்லை.

ரயில் மலைப்பக்கம் திரும்பியதும் குளிர்ந்தது. கம்பளிச் சட்டையை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். கழுத்துப் பட்டியின் உள்பக்கத்தில் என் பெயர் அழகாகச் சிவந்து கிடந்தது. அதற்கு முன்னால் கே என்ற எழுத்து.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, அதற்குப் பின்னால் பிள்ளையின் பெயரை எழுதுவோம். கே என் அப்பாவின் எழுத்து. கழுத்தில் தொங்கிய கடுதாசியிலும் முகாமின் பட்டியலிலும் இருந்தது பெரியப்பாவின் பெயர். அதன் எழுத்து எஸ். ஊரில் என் பள்ளிப் பையிலும் குடையிலும் பெரியம்மாதான் எழுத்துத் தைத்துத் தருவார். அவர் தூங்கி விழுந்துகொண்டு தைத்தபோது கை தனக்குப் பழகியதையே போட்டுவிட்டது. இன்னொரு சட்டையை எடுத்துப் பார்த்தேன். கே. காலுறையில் கே. பெனியனில் கே. இருபத்துமூன்று உடுப்பு. முன் இருக்கையில் இருந்த ஸ்பானியப் பெண் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிப் பெட்டியை மூடி, அதன் மேல் ஏறி இருந்துகொண்டேன்.

முகாமில் பிள்ளைகள் அவரைத் தியா என்று கூப்பிட்டார்கள். மாமி, சித்தி எல்லாருக்கும் அவர்கள் மொழியில் அந்த ஒரு சொல்தான். நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். மெலிந்த, சத்தம் போடாத பிள்ளை. என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் அவளுடையது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் சுவிஸில் வேலை செய்கிற ஸ்பானியர்களின் பிள்ளைகள். தங்களுக்குள் சுவிஸ் ஜெர்மனில் கத்திச் சண்டை பிடிப்பார்கள். பெரியவர்களைக் கண்டதும் ஸ்பானியத்துக்கு மாறுவார்கள். மொழியும் வேதமும் மறந்துபோகக்கூடாது என்பதற்குத்தானே முகாம். அதனால் எனக்குப் பேச்சுக்குப் பஞ்சமிருக்கவில்லை. பேசத்தான் பயம். என்ன பெயர் என்று ஒரு பிள்ளை கேட்டால்கூட, முழு வசனமாகப் பதில் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முகாமே ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கும். அதுதான் எனக்கு வேலை நேரம். ஒரு சட்டையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு கழிப்பறைக்குப் போய், தாழ் போட்டு, பல்லாலும் நகத்தாலும் கே எழுத்தைப் பிரிப்பேன். சங்கிலித் தையலை முடித்த பக்கத்திலிருந்து இழுத்தால் சரசரவென்று கழன்று வந்துவிடும். தொடங்கிய பக்கத்திலிருந்து இழுத்தால் இறுகும். அது எனக்கு அப்போது தெரியாது. முதல் சட்டையில் துணியே கிழிந்துவிட்டது. பிரித்த நூலை நீரில் போட்டால் அடைத்துக்கொள்ளுமோ, யாரும் கண்டுபிடிப்பார்களோ என்று சப்பாத்துக்குள் திணித்து வைத்தேன். நடக்கும்போது காலில் உறுத்தும். இவ்வளவு பாடுபட்டும் எழுத்துப் போன இடத்தில் ஊசித் துளைகள் அப்படியே கே வடிவத்தில் நின்றன. பெரியம்மாவின் கைவேலை அவ்வளவு சுத்தம். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

பிரித்து முடிக்காத உடுப்புகளை நான் தோய்க்கக் கொடுக்கவில்லை. ஐந்து நாள் ஒரே சட்டையைப் போட்டேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். இலங்கைக்காரர் குளிப்பதில்லை என்று ஒருத்தி சொன்னாள். கிணற்றடியில் நாளுக்கு இரண்டு தரம் தலையோடு ஊற்றிக் குளிக்கிற ஊரிலிருந்து வந்தவள் நான்.

முதல் சனிக்கிழமை எங்களை அறை அறையாக வரிசையில் நிறுத்தினார்கள். நானும் போய் நின்றேன். ஒரு சின்ன அறை. கதவு சாத்தியிருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். சிலருடைய கண் கலங்கியிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன். நாம் செய்த பிழையெல்லாம் சொல்ல வேண்டும், மறைக்கக்கூடாது என்றாள் எனக்கு முன்னால் நின்றவள். பாவசங்கீர்த்தனம் என்ற சொல்லே அப்போது நான் கேள்விப்பட்டதில்லை. தனியறை, தனியாள், மறைக்காமல் சொல்ல வேண்டும்: இதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஓர் அர்த்தம்தான். பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்த அந்த விசாரணை இங்கேயே வந்துவிட்டது. அவர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

உள்ளே குருவானவர் தோளில் ஊதாத் துணி ஒன்றைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருந்தார். தலை நரைத்த, அமைதியான மனிதர். நான் நிமிர்ந்து இருந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் ஒப்புவிக்கத் தொடங்கினேன். என் அப்பாவின் பெயர் இது. என் அம்மாவின் பெயர் இது. எனக்குச் சகோதரங்கள் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று அறைகள். ஜெர்மனில், முழு வசனமாக, ஒரு இடத்திலும் தடக்குப்படாமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஜெர்மனில், உன் மனதில் பாரம் ஏதும் உண்டா பிள்ளை என்று கேட்டார். அந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. எங்களுக்குச் சுவிஸில் வேறு உறவினர் இல்லை என்று சொன்னேன். கைக்குக் கிடைத்த பதில் அதுதான். அவர் தலையசைத்து எலுமிச்சை இனிப்பு ஒன்று தந்தார்.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த இனிப்பை வாயில் போடவே பயந்தேன். பதில் பிழைத்துவிட்டது, அதனால்தான் அவர் அப்படிப் பார்த்தார், எழுதி அனுப்பிவிடுவார் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு முகாமின் தொலைபேசி அடிக்கிற ஒவ்வொரு தரமும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். மலைப்பாதையில் கார் சத்தம் கேட்டால் கழுத்துப் பையைத் தொட்டுப் பார்ப்பேன்.

கார் ஒரு நாள் உண்மையாகவே வந்தது. இரண்டாவது கிழமை, ஒரு காலை. தியா என்னைக் கூப்பிட்டு, தோய்க்கக் கொடுக்காத உடுப்பையெல்லாம் கொண்டுவா என்றார். தட்ட முடியவில்லை. மிச்ச உடுப்பைச் சுருட்டிக்கொண்டு நிலக்கீழ் அறைக்குப் போனேன். அங்கே பெரிய பழைய மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தியாவின் மகள் காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். மேலே யாரோ ஸ்பானியத்தில் ஒரு சொல் சொன்னார்கள். தியா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பொலிஸ்காரர் ஒருவர் காரிலிருந்து இறங்கித் தொப்பியைச் சரி செய்தார்.

எனக்காக வந்துவிட்டார் என்று நினைத்தேன். அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. ஆனால் தியா என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் எழுந்து, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, விரிப்புகள் வைக்கிற அலுமாரிக்குள் ஏறி இருந்தாள். தியா கதவைச் சாத்தப் போனார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்தால் எந்தப் பொலிஸ்காரனும் வீட்டையே புரட்டிப் பார்ப்பான். அவர் என்னையும் தூக்கி உள்ளே வைத்துச் சாத்திவிட்டார்.

உள்ளே இருட்டு. சவர்க்கார மணம். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. அந்தப் பிள்ளை என் கையைத் தேடிப் பிடித்து, என் காதோடு வாயை வைத்து, வாயைத் திறந்து மூச்சு விடு, அப்போது சத்தம் வராது என்றாள். எட்டு வயதுப் பிள்ளை, நீச்சல் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னாள். மேலே சப்பாத்துச் சத்தம் நடந்தது, நின்றது, திரும்பவும் நடந்தது. நான் வாயைத் திறந்து மூச்சு விட்டேன். கழுத்தில் ஒழுங்கான கடிதம் தொங்குகிறது. இருந்தும் அலுமாரிக்குள் இருக்கிறேன். இப்போது கதவைத் திறந்தால் என்ன சொல்வேன்? ஒளித்தவள் என்றாலே கள்ளி என்று அர்த்தம். பெரியப்பாவின் நடுங்குகிற கை நினைவுக்கு வந்தது. நான்தான் அவரைப் பிளேனில் ஏற்றப் போகிறேன் என்று நினைத்தேன்.

பொலிஸ்காரர் வந்தது விடுதியில் தங்குகிறவர்களின் படிவங்களை வாங்கிக்கொண்டு போக. ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் படிவங்களில் தியாவின் மகளின் பெயர் இல்லை. அதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். தாய்க்கு இருந்தது வருடத்தில் ஒன்பது மாதம் வந்து வேலை செய்கிற அனுமதி. அதில் பிள்ளையைக் கூட்டி வர முடியாது. அதனால் வின்டர்தூரில் ஓர் அறைக்குள் அவள் தனியே இருப்பாள். பகலில் சப்பாத்துப் போடமாட்டாள், தண்ணீர் திறக்கமாட்டாள். பள்ளி இல்லை. ஜெர்மன் மொழியை வானொலியில் பிடித்திருக்கிறாள், சத்தத்தை ஆகக் குறைத்து வைத்து. எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் அந்த அறை.

கதவைத் திறந்ததும் தியா முதலில் மகளை இறக்கினார். பிறகு நான் கொண்டு வந்த உடுப்புச் சுருளை எடுத்துப் பிரித்தார். பாதி பிரித்த கே. துளையாக நிற்கிற கே. கிழிந்த கழுத்துப் பட்டி. ஒன்றொன்றாகப் பார்த்தார். என்ன எழுத்து இது என்று கேட்டார். எனக்குப் பாடம் முழுவதும் மறந்துவிட்டது. அழுதபடி, என் அப்பாவின் எழுத்து என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. பெரியப்பாவின் பெயர் அவருக்குத் தெரியும். தினமும் ஒரே உணவகத்தில் வேலை செய்கிறவர்.

அவர் உடுப்புகளைத் திரும்பவும் சுருட்டினார். பிறகு தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்.

"நீ என்னுடையதைப் பார்த்தாய். நான் உன்னுடையதைப் பார்த்தேன்."

அவ்வளவுதான். என் உடுப்பையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, விளையாடப் போ என்று அனுப்பிவிட்டார். அடுத்த நாள் அவை தோய்த்து மடித்து என் கட்டிலில் இருந்தன. கே ஒன்றுகூட இல்லை, என் பெயர் மட்டும் இருந்தது. ஊசித் துளைகளை நீராவியால் மினுக்கி மூடியிருந்தார். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அது முடியவில்லை. அவர் சொன்ன அந்தச் சொல் எனக்குத் துணையா, மிரட்டலா என்று தெரியவில்லை. நான் வாய் தவறி அவர் மகளைப் பற்றிச் சொல்லிவிட்டால் அவர் என்னைப் பற்றிச் சொல்லுவார் என்று நினைத்தேன். இதுவரை ஒரு பொய்யைச் சுமந்தேன், இப்போது இரண்டு. தியா வருகிற பக்கம் போகாமல் ஒளித்துத் திரிந்தேன். இரவில் தூக்கத்தில் பேசிவிடுவேனோ என்று துவாயைக் கடித்துக்கொண்டு படுத்தேன்.

மூன்றாவது கிழமை வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், வெளியே மேசைகளுக்குக் கரண்டி வைத்துக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் பெரியப்பா ஏறி வந்தார். கோட்டும் டையும் போட்டிருந்தார். அந்தக் கோட்டை அவர் இரண்டு தரம்தான் போட்டிருக்கிறார். இரண்டு தரமும் விசாரணைக்கு. அவருக்கு வேலை நாள். முகாம் முடிவது ஞாயிற்றுக்கிழமைதான்.

எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. யார் சொன்னது, குருவானவரா, தியாவா என்பதுதான் தெரியவில்லை. நான் கரண்டிகளை ஒவ்வொன்றாக நேராக வைத்தேன். பெரியப்பா கிட்ட வந்து, என் தோளைப் பிடித்து, விறகு அடுக்கியிருந்த சுவருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"பிள்ளை, ஊரிலயிருந்து கோல் வந்தது. உன்ர அப்பா... கடை திறக்கப் போகேக்கை ஷெல் விழுந்திட்டுதாம். போயிட்டார்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து உன்ர அப்பா என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப பொலிஸ் இல்லையோ?" என்று கேட்டேன்.

அதுதான் நான் கேட்டது. மனதுக்குள் ஒரு பெரிய நிம்மதி வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா செத்துப்போனார் என்ற செய்தி கேட்டு எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பிளேன் இல்லை. எழுத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மூச்சு எடுத்து விடுகிற நேரம்தான். அதற்குப் பிறகு அந்தச் செய்தி என்ன என்று விளங்கியது. என்னை மன்னிக்க எனக்கு இன்னும் முடியவில்லை.

எங்களைப் பார்த்துவிட்டுக் குருவானவர் வந்தார். பெரியப்பா உடனே நிமிர்ந்து, கண்ணைத் துடைத்து, ஜெர்மனுக்கு மாறினார். என் தம்பி இறந்துவிட்டான், இவளுடைய சித்தப்பா என்றார். குருவானவர் அவர் கையைப் பிடித்தார். பெரியப்பா அழுதார். தம்பிக்காக அழ அவருக்கு வழி இருந்தது. தோள் குலுங்க, மூக்கு ஒழுக அழுதார். குருவானவர் பிள்ளைகளைக் கூட்டப் போன அந்தக் கொஞ்ச நேரத்தில் பெரியப்பா குனிந்து என் காதில் சொன்னார்.

"கன அழாத பிள்ளை. சித்தப்பாவுக்கு அழுற மாதிரி அழு."

பிள்ளைகள் எல்லாரும் மாதா சிலைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். என்னை நடுவில் நிறுத்தினார்கள். குருவானவர் அப்பாவின் பெயரைப் பெரியப்பாவிடம் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, செபத்தில் சேர்த்துச் சொன்னார். தியோ, தியோ என்று வந்துகொண்டேயிருந்தது. மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அவர்களுடைய சொல் அது. முகாம் முழுவதும் என் சித்தப்பாவுக்காக மன்றாடியது. சித்தப்பாவுக்கு எவ்வளவு அழலாம்? கண்ணீர் வரலாமா, சத்தம் வரலாமா? பெரியப்பா ஓரக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இளைய தகப்பன் என்று ஒருவர் இருந்ததே இல்லை, அளவு தெரியவில்லை. உதட்டைக் கடித்தேன். கொஞ்சம் கண்ணீரை விட்டுவிட்டு மிச்சத்தை விழுங்கினேன். இன்னும் ஒரு நிமிடம் போனால் அப்பா என்று கத்திவிடுவேன் என்று தெரிந்தது.

தியா வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். எனக்கு உயிர் போய்விட்டது. இந்த இடத்தில், இவ்வளவு பேருக்கு முன்னால் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குருவானவரைப் பார்த்து, பிள்ளைக்கு வயிற்றுவலி என்றார். என்னை இழுத்துக்கொண்டு படியால் இறங்கி, தோய்க்கிற அறைக்குள் விட்டு, கதவைத் தாழ் போட்டு, மெஷினை முடுக்கினார். நிலம் அதிரச் சத்தம் போட்டு அது ஓடத் தொடங்கியது.

"இப்போது அழு," என்றார். "அப்பாவுக்கு அழு. வெளியே ஒன்றும் கேட்காது."

நான் நிலத்தில் விழுந்து, அப்பா அப்பா என்று கூப்பிட்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெஷின் ஓடி முடிந்து சட்டென்று நின்றது. என் குரல் மட்டும் தனியே கேட்டது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். தியா எழுந்து போனார். மெஷினைத் திறக்கவில்லை. உள்ளே எடுப்பதற்கு ஒரு துணியும் இல்லை. அந்த வெறும் மெஷினைத் திரும்பவும் முடுக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.